ஏசாத செயலி ஒன்று வேண்டும்



"ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உள்ளவர்கள் அன்றாட வேலைகளை முடிப்பதற்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று உதவுமா? உதவுமென்றால் அதை எப்படி வடிவமைக்க வேண்டும்?" இதுதான் நெறியாளர் என்னிடம் கொடுத்த கேள்வி. நான் மென்பொருள் வடிவமைப்புத் துறையில் இருப்பவள், மருத்துவர் அல்லள். ஆகவே, மருத்துவம் பற்றிப் பேசும் இடங்களில் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்திகளோடு நின்றுகொள்கிறேன்.

கேள்விக்குப் போகும் முன் என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே சொல்கிறேன்.

அவனுக்கு 31 வயது. ஏர்கோன் பழுதுபார்க்கும் தொழில். மற்றவர்கள் கைவிட்ட இயந்திரத்தின் முன் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து சரிசெய்துவிடுவான். அதே தம்பி, தன் வேனின் ரோட் டேக்ஸ் முடிந்து நான்கு மாதமாகியும் புதுப்பிக்கவில்லை. ஒரு நாள் சாலைத் தடுப்பில் மாட்டிக்கொண்டு சம்மனோடு வீட்டுக்கு வந்தான். புதுப்பிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். கையில் பணம் இல்லையா? இருந்தது. மறந்துவிட்டானா? அதுவும் இல்லை. தினமும் வேனில் ஏறும்போது அவனுக்கு அந்த நினைப்பு வந்தது. ஆனாலும் செய்யவில்லை. "பொறுப்பில்லாத பிள்ளை" என்றார் அம்மா. நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அதற்கு அடுத்த ஆண்டுதான் மனநல மருத்துவர் அவனைப் பரிசோதித்து, அவனுக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகச் சொன்னார்.

தெரிந்தும் செய்ய முடியாத நிலை

இந்தக் கோளாறு கைத்தொலைபேசி வந்த பிறகு முளைத்ததன்று. 1902ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறைவில்லாத, ஆனால் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பற்றி லண்டனில் உரையாற்றினார். அதை அவர் ஒழுக்கக் கட்டுப்பாட்டில் ஏற்படும் குறை என்று வருணித்தார். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் வீடுகளில் இதை ஒழுக்கக் குறையாகத்தானே பார்க்கிறோம்?

மருத்துவம் அந்த இடத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏ.டி.எச்.டி. என்ற பெயர் 1987இல் இடம்பெற்றது. 2013இல் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பு, பிள்ளைகளில் சுமார் 5 விழுக்காட்டினருக்கும் பெரியவர்களில் சுமார் 2.5 விழுக்காட்டினருக்கும் இது இருப்பதாகக் குறிப்பிடுகிறது. இதில் பரம்பரைக் கூறு மிக அதிகம் என்பதை இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குறை சொல்வதும், சோம்பேறி என்று பிள்ளையைக் குறை சொல்வதும் உண்மைக்குப் பொருந்தாதவை.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல ஆண்டுகளாக ஒரு கருத்தை வலியுறுத்தி வருகிறார். இது அறிவில் உள்ள குறை அன்று. தெரிந்ததை உரிய நேரத்தில் செய்துகாட்டுவதில் உள்ள குறை என்பதே அந்தக் கருத்து. ஒரு வேலையைத் தொடங்குவது, அதன் படிகளை மனத்தில் தாங்கிக்கொள்வது, எவ்வளவு நேரம் போயிற்று என்று உணர்வது, சலிப்பு வந்தாலும் விடாமல் இருப்பது ஆகிய நான்கையும் நம்மில் பலர் யோசிக்காமலேயே செய்துவிடுகிறோம். இவர்களுக்கு அந்த நான்குமே மலை. பிடித்த வேலையாக இருந்தால் மலை மறைந்துவிடுகிறது. அதனால்தான் "ஏர்கோனுக்கு மட்டும் உனக்குக் கவனம் வருகிறதே" என்ற ஏச்சும் கூடவே வருகிறது.

பார்வை மங்கியவரிடம் "நன்றாக உற்றுப் பார்" என்று நூறு முறை சொல்வதில் பயனில்லை. மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும். செயலியும் ஒரு மூக்குக்கண்ணாடியாக இருக்க வேண்டும். இதை நான் உணர்வதற்கு ஒரு தோல்வி தேவைப்பட்டது.

முதல் முயற்சி தோற்ற கதை

தம்பிக்காக நானே ஒரு சிறு செயலி செய்தேன். வேலைகளைப் பட்டியலிடலாம், நாள் குறிக்கலாம், நேரம் வந்ததும் மணி அடிக்கும், தாமதமான வேலைகள் சிவப்பு எழுத்தில் மேலே வரும், தொடர்ந்து பயன்படுத்தினால் நாள் கணக்கு ஏறும், ஒரு நாள் விட்டால் அது பூஜ்யமாகிவிடும். எனக்குப் பெருமைதான்.

முதல் மூன்று நாள் ஆர்வமாகப் பயன்படுத்தினான். பதினோராம் நாள் அழித்துவிட்டான். காரணம் கேட்டேன். "அக்கா, அம்மா வாயால சொல்றத இது சிவப்பு எழுத்துல சொல்லுது. ஏச்சு வாங்க இன்னொரு ஆளு எனக்கு எதுக்கு?" என்றான்.

அந்த ஒரு கேள்வியில் என் வடிவமைப்பு முழுவதும் சரிந்தது. சாதாரணப் பணிப்பட்டியல்கள், பயன்படுத்துபவரிடம் தொடங்கும் ஆற்றல் இருக்கிறது, மறதிதான் சிக்கல் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. அதனால் நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன. தொடங்க முடியாதவருக்கு ஒவ்வொரு மணியோசையும் "இன்னும் செய்யவில்லையே" என்ற குற்றச்சாட்டாகக் கேட்கிறது. சிறு வயது முதல் ஏச்சு கேட்டே வளர்ந்தவர் அதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, செயலியை அழிப்பது. நாம் வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு, மருந்து போட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

அதன் பிறகு தம்பியையே பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு விதமாகச் சிந்தித்தோம். அப்படிக் கற்ற ஆறு பாடங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

1. பேச்சில் வந்ததை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும்

ஒரு வேலை நினைவுக்கு வந்த சில நொடிகளில் அதைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் போய்விடும். செயலியைத் திறந்து, தலைப்பு எழுதி, தேதி தேர்ந்தெடுத்து, வகை பிரித்து முடிப்பதற்குள் இன்னொரு நினைப்பு வந்து முதல் நினைப்பைத் தள்ளிவிடுகிறது. ஆகவே ஒரே ஒரு பொத்தான். அழுத்திப் பேசினால் போதும்.

செயற்கை நுண்ணறிவு உண்மையில் பயன்படும் முதல் இடம் இது. "நாளைக்கு அந்த கிளாங் கஸ்டமருக்குக் கால் பண்ணணும், அப்புறம் இன்சூரன்ஸ், ஆங்... அம்மா மருந்து" என்று நாம் பேசும் கலப்புப் பேச்சை வாங்கி, மூன்று தனி வேலைகளாகப் பிரித்து, நாளையும் குறித்துக் கொடுக்க இன்றைய பெரு மொழி மாதிரிகளால் முடிகிறது. தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினால் பிழை வரத்தான் செய்யும். அதனால் சொன்னவரின் குரல் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

2. முதல் படியைச் சிறியதாக்க வேண்டும்

"ரோட் டேக்ஸ் புதுப்பிக்க வேண்டும்" என்பது ஒரு வேலையன்று, ஒரு மூட்டை. அதை அவிழ்த்தால், பாக்கி சம்மன் இருக்கிறதா என்று பார்ப்பது, காப்புறுதி விலை கேட்பது, எதை எடுப்பது என்று முடிவெடுப்பது, பணம் கட்டுவது, பிறகு ரோட் டேக்ஸ் எடுப்பது என்று ஐந்து வேலைகள் வெளியே வரும். காப்புறுதி இல்லாமல் ரோட் டேக்ஸ் எடுக்க முடியாது. ஆகவே வரிசையும் முக்கியம். தம்பி நான்கு மாதம் தயங்கி நின்றது இந்த மூட்டையின் முன்னால்தான்.

மூட்டையை அவிழ்ப்பது செயற்கை நுண்ணறிவுக்கு எளிது. 2023 முதல் பலரும் பயன்படுத்தும் 'காப்ளின் டூல்ஸ்' என்ற இணையக் கருவி இதைத்தான் செய்கிறது. வேலை எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை மிளகாய் அளவில் குறித்தால், காரம் கூடக் கூட அது சிறு சிறு படிகளாக உடைத்துத் தருகிறது. அருமையான யோசனை! ஒரே வேலை ஒருவருக்கு இன்று எளிதாகவும் நாளை மலையாகவும் தோன்றலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

நாங்கள் இன்னொரு விதி சேர்த்தோம். முதல் படி இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. "காப்புறுதி எடு" என்று சொல்லாமல், "போன வருடக் காப்புறுதித் தாளைப் படம் எடு" என்று சொல்ல வேண்டும்.

3. ஒரு நேரத்தில் ஒரு வேலை

ஐம்பது வேலைகளைக் காட்டி "ஒன்றைத் தேர்ந்தெடு" என்றால், அந்தத் தேர்வே ஒரு வேலையாகிவிடும். திரையில் ஒரே வேலை, பக்கத்தில் "இது வேண்டாம், வேறொன்று" என்ற பொத்தான். மீதி உள்ளே இருக்கட்டும். முழுப் பட்டியலைப் பார்க்க விரும்புவோர் திறந்து பார்க்கலாம். அதை அவர்கள் முகத்தின் முன் நீட்டக்கூடாது.

4. காலத்தைக் கண்ணால் பார்க்க வைக்க வேண்டும்

வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது எல்லோரிடமும் உள்ள பழக்கம்தான். 1994இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள்; உண்மையில் 55 நாள் ஆயிற்று. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரியதாகிவிடுகிறது. இவர்களில் பலருக்குக் காலம் 'இப்போது', 'இப்போது இல்லை' என்ற இரண்டே பகுதிகளாகத் தெரிகிறது.

எண்ணில் காட்டும் கடிகாரத்தைவிட, நிமிடம் கரையக் கரையச் சுருங்கும் வண்ண வட்டம் இவர்களுக்கு எளிதில் புரிகிறது. டென்மார்க்கில் உருவான 'டீமோ' என்ற செயலி, நாளையே வண்ணப் படமாகக் காட்டுவதற்குப் பெயர் பெற்றது. 2025இல் ஆப்பிள் நிறுவனம் அதை அவ்வாண்டின் சிறந்த ஐபோன் செயலியாகத் தேர்ந்தெடுத்தது.

செயற்கை நுண்ணறிவு இங்கே இன்னொன்றும் செய்யலாம். "கிளம்ப ஐந்து நிமிடம்" என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் இருபது நிமிடம் ஆனதை அது நினைவில் வைத்து, அடுத்த முறை தானாகவே இருபது நிமிடம் ஒதுக்கலாம். ஏன் இவ்வளவு என்று குத்திக்காட்டாமல் ஒதுக்க வேண்டும்.

5. நேரத்தோடு மட்டுமின்றி நிகழ்ச்சியோடும் கட்ட வேண்டும்

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இத்துறையில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. "இதைச் செய்வேன்" என்ற உறுதியைவிட, "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைக்கும் திட்டம் நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்பதே அதன் சாரம். "மாலை 6 மணிக்கு மருந்து வாங்கு" என்ற மணி, தம்பி ஏணியில் நிற்கும்போது அடிக்கும்; அணைத்துவிடுவான். "வேனை எடுத்ததும், வீட்டுக்குப் போகும் வழியில் மருந்துக்கடை" என்று கட்டினால் வேலை நடக்கிறது. ஓயாமல் அடிக்கும் மணி நாளடைவில் காதில் விழாமலே போய்விடும். ஆகவே குறைவாக, சரியான இடத்தில் அடிக்க வேண்டும்.

6. விட்டுப் போனவரை வரவேற்க வேண்டும்

ஆறிலும் முக்கியமானது இது. ஏ.டி.எச்.டி. உள்ளவர் எந்தச் செயலியையும் சில நாள் விட்டுவிடுவார். அதை விதிவிலக்காக எண்ணாமல், நடக்கத்தான் போகிறது என்று எதிர்பார்த்தே வடிவமைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துத் திறப்பவருக்கு 47 சிவப்பு வரிகள் காத்திருந்தால், மூடிவிட்டு மறுபடி வரமாட்டார். அதற்குப் பதில், "வணக்கம். பழையவற்றை எடுத்து வைத்திருக்கிறேன். இன்று எது அவசரம்?" என்று ஒரே கேள்வி கேட்கட்டும். பூஜ்யமாகும் நாள் கணக்கு வேண்டவே வேண்டாம். தம்பி அதைத்தான் முதலில் எடுக்கச் சொன்னான்.

செயற்கை நுண்ணறிவு எங்கே நிற்க வேண்டும்?

அன்பர்களே, நன்மையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. இந்த மாதிரிகள் தெரியாததையும் தெரிந்ததுபோல் எழுதிவிடும். இல்லாத அரசாங்கப் பாரம் ஒன்றை நிரப்பச் சொல்லலாம். தவறான கடைசி நாளைக் குறிக்கலாம். சரிபார்க்கும் பொறுமை குறைந்தவர்களிடம் இந்தப் பிழை இரட்டிப்பு ஆபத்து. ஆகவே தேதி, பணம், மருந்து ஆகிய மூன்றிலும் பயனர் உறுதிசெய்யாமல் எதுவும் பதிவாகக்கூடாது. செயலி தானாக எதையும் அழிக்கக்கூடாது. யாருக்கும் தானாகச் செய்தி அனுப்பக்கூடாது.

அடுத்து, செயலி சிகிச்சையாகாது. 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 8 முதல் 12 வயதுள்ள ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கான ஒரு கணினி விளையாட்டை மருத்துவர் பரிந்துரைக்கும் கருவியாக அனுமதித்தது. அது மருத்துவச் சோதனைகளைக் கடந்து வந்தது. நம் பணிப்பட்டியல் அப்படிப்பட்டதன்று. உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்று சொல்லும் உரிமையும் அதற்குக் கிடையாது. கவலையும் மனச்சோர்வும் தூக்கக் குறைவும்கூட இதே போன்ற அடையாளங்களைக் காட்டலாம். அதைப் பிரித்தறிய மருத்துவரிடம்தான் போக வேண்டும். தம்பிக்குப் பெரிதும் கைகொடுத்தது மருந்தும் ஆலோசனையும்தான். செயலி அவற்றுக்குத் துணை.

மூன்றாவது, அந்தரங்கம். எதை மறந்தேன், எந்த மருந்து எடுக்கிறேன், எந்தக் கடன் பாக்கி என்றெல்லாம் ஒருவர் தன் செயலியிடம் சொல்கிறார். அமெரிக்காவில் மனநலச் சிகிச்சையை இணையவழி வழங்கிய 'செரிப்ரல்' நிறுவனம், 3 மில்லியனுக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் இணையப் பின்தொடர் கருவிகள் வழியாகப் பிற நிறுவனங்களுக்குச் சென்றதை 2023இல் தெரிவித்தது. 2024இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கையில், 7 மில்லியன் டாலருக்கு மேல் செலுத்த அது ஒப்புக்கொண்டது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உடல், மன நலத் தகவல்களை உணர்வுநுட்பமான தரவாகவே கருதுகிறது. முடிந்த அளவு தரவு கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே போனால் எங்கே போகிறது என்று ஒரே வரியில் சொல்லுங்கள். இதை வடிவமைப்பாளர்களுக்கும், செயலியைத் தேடும் பெற்றோர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வெற்றியை எதைக் கொண்டு அளப்பது?

பெரும்பாலான செயலிகள், பயனர் எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார் என்று கணக்குப் பார்க்கின்றன. இங்கே அந்தக் கணக்கு தலைகீழாக வேண்டும். கைத்தொலைபேசியைத் திறந்தாலே ஆயிரம் காட்சிகள் இழுக்கும் இவர்களை உள்ளே பிடித்து வைப்பது உதவியாகாது. பூட்டிய திரையிலேயே அடுத்த படியைக் காட்டி, உடனே விட்டுவிட வேண்டும். ரோட் டேக்ஸ் கட்டியாயிற்றா? மருந்து வாங்கியாயிற்றா? புதுமை தீர்ந்த எட்டாவது வாரத்திலும் அவர் திரும்பி வருகிறாரா? இவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்குப் பதில் அலுவலக மேசையில் கிடைக்காது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களை முதல் நாளிலிருந்தே வடிவமைப்பில் சேர்த்துக்கொண்டால்தான் கிடைக்கும்.

முடிவாக, செயலியே இல்லாத ஒரு வழியையும் சொல்லிவிடுகிறேன். ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் பலர், யாராவது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே தங்களால் வேலையைத் தொடங்க முடிகிறது என்கிறார்கள். இதை இணையவழிச் செய்து தரும் சேவைகள்கூட வந்துவிட்டன.

இவ்வாண்டு தம்பியின் காப்புறுதி முடியப் பத்து நாள் இருக்கும்போது, செயலி அவனுக்கு "போன வருடத் தாளைப் படம் எடு" என்ற ஒரு வரியைக் காட்டியது. எடுத்தான். அதற்கு மேல் நகரவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா தேநீரோடு வந்து அவன் பக்கத்தில் அமர்ந்தார். "நான் ஒண்ணும் சொல்லல, நீ பாரு" என்றார். நாற்பது நிமிடத்தில் காப்புறுதியும் ரோட் டேக்ஸும் முடிந்தன. அந்த நாற்பது நிமிடமும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது எவ்வளவு சிரமமாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு மகனோ மகளோ கணவரோ மனைவியோ இருக்கலாம். நல்ல செயலி கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள். கிடைக்கும்வரை, ஏச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள்.